மேற்கே போன தண்ணியைக் கிழக்கே திருப்பியவர்: எழுமலை டு தேக்கடி சைக்கிள் பாதையில் பென்னிகுயிக்கின் வாழ்க்கை!

எழுமலைக்காரர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒண்ணும் புதுசு இல்லை. காலையில் வாசலில் நின்னு பல்லு விளக்கும்போதே கண்ணுக்குத் தெரியுற மலை அது. அந்த மலைக்குப் பின்னாடி வருஷத்துக்குப் பல மாசம் மழை கொட்டும். இந்தப் பக்கம் இருக்கிற மானாவாரிக் காடோ ஐப்பசி மழையை நம்பி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒரே மலை, ரெண்டு வானிலை. இந்த அநியாயத்தைச் சரிபண்ண முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தேடித் தன் வாழ்க்கையின் முக்கியமான வருஷங்களைச் செலவழித்தவர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

தேனி மாவட்டத்தில் டீக்கடை சுவரிலும், ஆட்டோ முதுகிலும், வீட்டுப் பூஜையறையிலும் அவர் படம் இருக்கிறது. ஆனால், அவர் யார், எங்கே பிறந்தார், எதை இழந்தார், என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரிவது ஒரே ஒரு கதைதான். அந்தக் கதையைத் தாண்டி அவரைத் தெரிஞ்சுக்க ஒரு நல்ல வழி இருக்கு. எழுமலையிலிருந்து சைக்கிளில் கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம், லோயர் கேம்ப், குமுளி வழியாகத் தேக்கடி ஏரி வரை போறது. காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போயிடும் விஷயங்கள், சைக்கிளில் போனால் தொடையிலும் மூச்சிலும் தெரியும். மலை எவ்வளவு உயரம், தண்ணி எங்கிருந்து எங்கே விழுது, அவர் எதை எதிர்த்து நின்றார் என்பதெல்லாம் மிதிக்க மிதிக்கப் புரியும்.

முதல் நாள்: தண்ணி வராத ஊரிலிருந்து தண்ணி ஓடும் ஊருக்கு

எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்கு சுமார் 15 கி.மீ. அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன்னே உசிலம்பட்டியில் டீ குடிச்சிடலாம். வழிநெடுக கருவேலம், காய்ந்த கண்மாய், நடுநடுவே கிணத்துப் பாசனத்தில் கொஞ்சம் பச்சை. பெரியாறு தண்ணீருக்காகப் போட்ட ஆரம்பகாலப் பாசனத் திட்டம் மதுரை, மேலூர் பக்கத்தைத்தான் குறி வைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் பல தலைமுறையாகக் கேட்டு, போராடி, கடைசியில் வந்ததுதான் 58 கிராமக் கால்வாய். அதிலும் வைகை அணை நிரம்பி வழியும் அளவுக்கு வந்தால்தான் தண்ணீர். எனவே இந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்பது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை.

உசிலம்பட்டி தாண்டி மதுரை-தேனி நெடுஞ்சாலையில் ஆண்டிபட்டிக் கணவாய். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் கியர் இல்லாத சைக்கிளில் வந்தவர்கள் இங்கேயே இறங்கித் தள்ள ஆரம்பிச்சிடுவாங்க. கணவாயைத் தாண்டினதும் காற்று மாறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை எதிர்க்காற்று முகத்தில் அறையும். தேனிப் பக்கம் இத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று அப்போது தெரியும்.

இங்கே ஒரு நிமிஷம் சைக்கிளை நிறுத்திட்டு, பென்னிகுயிக்கின் சின்ன வயசுக்குப் போவோம்.

போரில் அப்பாவை இழந்த சிறுவன்

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர் ஜான் பென்னிகுயிக். அப்பாவின் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் சிலியன்வாலா போர். சீக்கியப் படைக்கு எதிரான அந்தப் போரில் அப்பா இறந்தார். அதே நாளில், அதே களத்தில், 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். நம்ம ஆளுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது.

அதன்பிறகு படிப்பெல்லாம் இங்கிலாந்தில். செல்டன்ஹாம் கல்லூரி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்த அடிஸ்கோம் கல்லூரி. 1858-ல் மதராஸ் என்ஜினீயர்ஸ் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, 1860-ல் இந்தியா வந்து இறங்கினார். வயது 19. அப்பாவையும் அண்ணனையும் பறித்த நாட்டுக்கே வேலைக்கு வருவது அந்தக் காலத்து ராணுவக் குடும்பங்களில் சகஜம். ஆனால் அவருக்குக் கிடைத்தது பொறியாளர் வேலை. பாலம், சாலை, வாய்க்கால் என்று கட்டுகிற வேலை. இடையில் 1868-ல் அபிசீனியாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்குப் போன படையிலும் இருந்தார். திரும்பி வந்ததும் மறுபடி சென்னை மாகாணத்தின் பொதுப்பணித்துறை.

1879-ல் கிரேஸ் ஜார்ஜியானா சேமியரைத் திருமணம் செய்தார். அவர்களுக்கு ஐந்து பெண்கள், ஒரு பையன். அப்பா பெயரையே வாங்கிய அந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியானார். வேலை இல்லாத நேரத்தில் பென்னிகுயிக்குக்குப் பிடித்தது கிரிக்கெட். சென்னையில் கிரிக்கெட் வளர்ந்த ஆரம்ப காலத்தில் மைதானத்தில் ஆர்வமாக இறங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு முன்னாடியே கனவு கண்டவர்கள்

ஆண்டிபட்டியிலிருந்து தேனி வரும் வழியில், வலது பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் வைகை அணை. 1959-ல் திறந்தது. நேரம் இருந்தால் ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம். அங்கே தேங்கி நிற்கிற தண்ணீரில் பெரும்பங்கு, நாளை நாம் பார்க்கப்போகும் தேக்கடி ஏரியிலிருந்து வந்தது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுயிக்கின் மூளையில் உதித்தது இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, இடத்தைப் பார்த்துவர ஆட்களை மலைக்கு அனுப்பினார். முடியும் என்று தெரிந்தது. பணம்தான் இல்லை. 1808-ல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற கம்பெனிப் பொறியாளர் ஆராய்ந்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்தார். 1850-ல் சின்னதாக ஒரு தடுப்பு கட்டும் வேலை ஆரம்பித்து, காய்ச்சலாலும் கூலிப் பிரச்னையாலும் நின்றுபோனது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் மண் அணைக்கான திட்டம் ஒன்றைத் தயாரித்தார்.

ஆக, கிட்டத்தட்ட 100 வருஷமாக எல்லோரும் அந்த மலையைப் பார்த்து, கணக்குப் போட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்பினார்கள். நிலைமையை மாற்றியது 1876 முதல் 78 வரை வந்த தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் செத்துப்போனார்கள். மதுரைச் சீமையில் அந்தப் பஞ்சத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயலை. அதன்பிறகு அரசுக்கும் இதைத் தள்ளிப்போட வழி இல்லை. 1882-ல் பழைய திட்டங்களைத் திருத்தி, புது மதிப்பீடு போடச் சொல்லி பென்னிகுயிக்கிடம் கோப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 41.

ரைவ்ஸ் யோசித்த மண் அணையை அவர் ஏற்கவில்லை. மலை நடுவில், வெள்ளம் பாயும் பள்ளத்தாக்கில் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த அணைதான் நிற்கும் என்று முடிவெடுத்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும். சிமென்ட் இங்கே பழக்கத்துக்கு வராத காலம் அது.

தேனி டு கம்பம்: பச்சைக்குக் காரணம் அவர்தான்

தேனிக்குள் நுழைந்தால் பேருந்து நிலையத்துக்கே பென்னிகுயிக் பெயர். அங்கிருந்து கம்பம் சுமார் 40 கி.மீ. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வரும். சாலை பெரும்பாலும் சமதளம், லேசான ஏற்றம். இரண்டு பக்கமும் நெல், வாழை, தென்னை, கம்பம் நெருங்க நெருங்க பன்னீர் திராட்சைப் பந்தல். காலையில் எழுமலைப் பக்கம் பார்த்த கருவேலங்காட்டையும் இந்தப் பச்சையையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் பாடம். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஜனவரி 15 ஒரு தனி நாள். பொங்கலும் அவர் பிறந்தநாளும் கிட்டத்தட்ட ஒண்ணா வர்றதால, பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரிலேயே பொங்கல் வைக்கிறாங்க. அவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த குடும்பங்களும் உண்டு.

இதில் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. இதே எழுமலைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில்தான் 1920 ஏப்ரல் 3-ல், குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்த மக்களைப் பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. இறந்தவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. அதே வெள்ளைக்கார அரசில் வேலை பார்த்த ஒரு அதிகாரிக்கு, பக்கத்து மாவட்டத்தில் கற்பூரம் காட்டுறாங்க. ஆட்சி வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க நம்ம ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை.

முதல் நாள் மிதித்தது சுமார் 95 கி.மீ. கம்பத்தில் தங்கிக்கலாம்.

இரண்டாம் நாள்: லோயர் கேம்ப் ஏற்றம்

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப். பெயரே சொல்லும், அணை வேலைக்காக அடிவாரத்தில் போட்ட முகாம்தான் இந்த ஊர். இங்கே 2013 ஜனவரி 15-ல் தமிழக அரசு திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கு. அவரது வெண்கலச் சிலை, பழைய படங்கள் எல்லாம் பார்க்கலாம். ஏற்றத்துக்கு முன் கால் ஆறவும் நல்ல இடம்.

மணிமண்டபத்தைவிட நிறைய கதை சொல்வது அதற்கு மேலே போகும் மலைச்சாலை. ஆறேழு கி.மீ. தூரத்தில் சுமார் 400 மீட்டருக்கு மேல் ஏறணும். சின்ன கியருக்கு மாத்திட்டு, அவசரப்படாமல் மிதிச்சா ஒரு மணி நேரத்தில் மேலே போயிடலாம். வியர்வை கண்ணில் இறங்கும்போது ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அணை கட்டின காலத்தில் தார் ரோடு கிடையாது, லாரி கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கிய இயந்திரமும் தளவாடமும் மாட்டுவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு வந்து, இந்த மலையேறி, அப்புறம் யானைக்காட்டுக்குள் போகணும். மாட்டால் முடியாத ஏற்றத்துக்குக் கம்பிவடப் பாதை அமைத்துச் சாமான்களை மேலே இழுத்தார்கள்.

ஒரு சுவாரஸ்யமான பொருத்தம். நாம் இன்று ஓட்டுகிற, ரெண்டு சக்கரமும் ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட சைக்கிளை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி சந்தைக்குக் கொண்டுவந்தது 1885-ல். டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-ல். அதே வருஷங்களில்தான் இந்த மலைமேல் அணைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏற்றத்தில் இரைச்சல்பாலம் பக்கம் நின்று பாருங்க. மலையைக் குடைந்து வந்த தண்ணீர் கீழே விழும் சத்தம், தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் பேச்சுக்குரலை அமுக்கிடும். பக்கத்திலேயே ராட்சதக் குழாய்கள் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்கும். மேற்கே போகவேண்டிய தண்ணீர் கிழக்கே விழுகிற இடம் இதுதான். இங்கிருந்து அது வைரவனாறு, முல்லையாறு, வைகை என்று பெயர் மாறி மதுரை வரை போகுது.

எட்டு வருஷம், எட்டுக் கண்டம்

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம். 1887-ல் வேலை தொடங்கியது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல, அவருடன் வேலை பார்த்த பொறியாளர் ஏ.டி.மெக்கன்சி 1899-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். முதல் எதிரி ஆறு. அணைக்கு அஸ்திவாரம் போட ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்துத் திருப்பணும். தடுப்பு கட்டுவார்கள், வெள்ளம் வந்து கொண்டுபோகும். திரும்பக் கட்டுவார்கள், திரும்பப் போகும். ஒருமுறை இல்லை, பலமுறை. இரண்டாவது எதிரி கொசு. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897-ல். அணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதாவது, எது தங்களைக் கொல்லுது என்றே தெரியாமல் வேலை பார்த்தார்கள். காய்ச்சல் உச்சத்துக்குப் போகும் கோடை மாதங்களில் முகாமைக் காலி செய்து கீழே இறங்கிவிடுவார்கள். மூன்றாவது காடு. யானையும் புலியும் அட்டையும் நிறைந்த இடத்தில் வருஷக்கணக்கில் குடியிருக்கணும்.

வேலைக்கு வந்தவர்கள் யார்? மதராஸ் பயனியர் படைப்பிரிவினர், கொச்சியிலிருந்து வந்த தச்சர்கள், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பஞ்சம் பிழைக்க மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கூலிகள். கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்தவர்கள் என்று பதிவாகியிருக்கும் எண்ணிக்கை மட்டும் 483. அணைக்குப் பக்கத்திலேயே புதைகுழிகள் இருக்கின்றன. காய்ச்சலோடு ஊர் திரும்பி அங்கே செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடும்போது பேர் தெரியாத அந்த 483 பேரையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

பள்ளத்தாக்கில் அணை எழும்பிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் தேக்கடியில் மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம் போனது. அணை ஆற்றைத் தடுத்துத் தேக்கும், சுரங்கம் அதைத் தமிழகப் பக்கம் கொண்டுவரும். இதில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதுக்கு வேலை இல்லை. கடைசியில் 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். சுமார் 1,200 அடி நீளம், அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம். அந்தக் காலத்தில் உலகமே பேசிய பொறியியல் வேலைகளில் ஒன்று அது.

சொத்தை விற்றாரா?

இப்போது அந்த ஒரே கதைக்கு வருவோம். அணை வெள்ளத்தில் போனதும் அரசு பணம் தர மறுத்தது. பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார். கம்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கண்ணில் ஈரத்தோடு சொல்வார்கள்.

இது செவிவழிக் கதை. ஆவணங்கள் காட்டும் பென்னிகுயிக் அரசுப் பணத்தில், அரசுத் திட்டத்தை நிறைவேற்றிய அரசு அதிகாரி. மதிப்பீடு போட்டு, அனுமதி வாங்கி, கணக்குக் காட்டி வேலை நடந்தது. கதை பொய் என்று கம்பத்தில் போய்ச் சண்டை போடத் தேவையில்லை. ஊருக்குச் சோறு போட்டவருக்கு ஊர் தனக்குத் தெரிந்த மிகப்பெரிய தியாகத்தைச் சூட்டிப் பார்த்திருக்கிறது. பொண்டாட்டி நகையை விற்பதைவிடப் பெரிய தியாகம் நம்ம சம்சாரிகளுக்கு எது?

ஆனால் அந்தக் கதையிலேயே நின்றுவிட்டால் நிஜ மனிதர் கையை விட்டுப் போயிடுவார். மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இடம் தேர்வானபோது இதுதான் நடந்தது. அங்கிருந்த பழைய பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று சர்ச்சை கிளம்ப, அது அவர் இறந்த பிறகு கட்டப்பட்டது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது.

நிஜத்தில் அவர் செய்தது என்ன? நடக்காது என்று 74 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்த வேலையைக் கையில் எடுத்தார். வெள்ளம் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்குப் போட்டார். காய்ச்சல் காட்டுக்கு ஒவ்வொரு சீசனும் திரும்பி வந்தார். 41 வயதில் எடுத்த கோப்பை 54 வயதில் முடித்தார். 13 வருஷம் ஒரே வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவர் தியாகம். லோயர் கேம்ப் ஏற்றத்தில் மூணாவது கிலோமீட்டரில் இறங்கிடலாமா என்று யோசிக்கும்போது இது நல்லாவே புரியும்.

தேக்கடி: சுற்ற முடியாத ஏரி

குமுளியில் மாநில எல்லை. தாண்டினால் தேக்கடி. ஏரியைச் சைக்கிளில் ஒரு ரவுண்டு அடிக்கலாம் என்று வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இது கொடைக்கானல் ஏரி இல்லை. சுமார் 26 சதுர கி.மீ. பரப்பு, சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். படகில் போய்ப் பார்க்கணும், அல்லது வனத்துறை நடத்தும் நடைப்பயணத்தில் சேரணும். அணை இருக்கும் இடத்துக்குப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது.

படகில் போகும்போது தண்ணீருக்கு வெளியே கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளைக் கவனிங்க. 1895-ல் அணையில் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நீர்க்காகங்கள் அதன்மேல் சிறகு விரித்துக் காயும். பாசனத்துக்காகத் தேக்கிய தண்ணீர், பிற்பாடு யானைகளுக்குக் குடிநீரானது. 1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஏரியைச் சுற்றிய காட்டைச் சரணாலயமாக்கினார். 1978-ல் அது புலிகள் காப்பகம் ஆனது.

தெம்பு இருப்பவர்கள் குமுளியிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாக வண்டிப்பெரியாறு வரை போய்த் திரும்பலாம். ஒரு பக்கம் சுமார் 14 கி.மீ. அங்கே ஓடுவது அணைக்குக் கீழே இருக்கிற பெரியாறு. 130 வருஷம் பழைய அணைக்குக் கீழே பிள்ளைகுட்டியோடு வாழும் அந்த ஊர்க்காரர்களின் பயத்தையும், அணையை நம்பி நாற்று நடும் கம்பத்துக்காரரின் பயத்தையும் ஒரே பயணத்தில் பார்த்தால், தொலைக்காட்சி விவாதத்தில் கிடைக்காத ஒரு நிதானம் கிடைக்கும். அணை பலமாக இருப்பதாக ஏற்று, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. வழக்கும் பேச்சும் இன்னும் முடிஞ்சபாடில்லை.

கடைசி வருஷங்கள்

அணை திறந்த 1895-ல் அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது. 1896-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1899 வரை தலைவராக இருந்தார். பெரியாறு பற்றி அவர் வாசித்த கட்டுரைக்கு லண்டன் பொறியாளர் கழகம் டெல்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நதி வெள்ளத்துக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை சொல்லப் போய்வந்தார். ஆறுகள் அவரை விடவில்லை.

1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார். வயது 70. பக்கத்து ஊரான ஃப்ரிம்லியில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போக, இங்கே கூடிக்கொண்டே போனார்கள். 2022-ல் தமிழக அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தது.

சைக்கிளில் போறவங்க கவனத்துக்கு

* நாள் கணக்கு: முதல் நாள் எழுமலை டு கம்பம். இரண்டாம் நாள் கம்பம், லோயர் கேம்ப், குமுளி, தேக்கடி. மூன்றாம் நாள் குமுளியிலிருந்து அணக்கரை, புத்தடி வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே கம்பம்மெட்டு வந்து, கம்பத்துக்கு இறக்கம். நாலாம் நாள் வீடு.

* எப்போது போகலாம்: பிப்ரவரி, மார்ச் நல்லது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன். மலைச்சாலையில் வாகன நெரிசல் அதிகம், ஒருவழிப் பாதை மாற்றங்களும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எதிர்க்காற்றும் சாரலும்.

* இறக்கம்தான் ஆபத்து: கம்பம்மெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீங்க, ரிம் சூடாகிடும். விட்டு விட்டுப் பிடிங்க. பிரேக் கட்டையைக் கிளம்பும் முன்னே மாத்திடுங்க.

* இருட்டுக்கு முன்: மலைச்சாலை காட்டு வழி. யானை நடமாட்டம் உண்டு. காலை வெளிச்சம் வந்தபிறகு ஏறி, மாலை 5 மணிக்குள் ஊருக்குள் இருங்க.

* எடுத்துக்க வேண்டியது: ரெண்டு உபரி டியூப், பஞ்சர் கிட், கைப்பம்ப், ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, குறைந்தது ரெண்டு லிட்டர் தண்ணீர்.

திரும்பி வரும்போது கம்பத்திலிருந்து தேனி வரை பெரும்பாலும் லேசான இறக்கம், சைக்கிள் தானா ஓடும். சாலைக்குப் பக்கத்திலேயே வாய்க்காலில் தண்ணீரும் அதே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். மூணு நாள் முன்னாடி இதே சாலையில் போனபோது அது வெறும் வாய்க்கால். இப்போ அது எந்த மலையைத் துளைத்து வருது, யார் யார் அதற்காகக் காய்ச்சலில் கிடந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.